கடைசிக் கதவு

சின்னக் குழந்தைக்குப் படப் புத்தகம் காட்டுகிறவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள், வேதா. புத்தகத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். அதைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவே திறக்க வேண்டும், அதுவே மூட வேண்டும். அப்போதுதான் மனசில் நிற்கும். உன்னை வளர்த்தபோது நான் தெரிந்துகொண்டது இது.

நீ நேற்றுப் பரணில் தொட்டில் கயிறு தேடப்போய், அந்தப் பழைய புத்தகத்தோடு இறங்கி வந்தாய். கடைசிப் பக்கத்தைத் திறந்து, "இது யாரு அத்தை?" என்று கேட்டாய். கேட்கத்தான் செய்வாய். பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு டீச்சர் டிரெய்னிங்குக்குப் போக வந்தவள், காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாய். உட்கார். பாப்பா தூங்கட்டும். சொல்கிறேன்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரியம்மா வாடகைக்கு இருந்தாள். அவள் அறையை நான்தான் பெருக்கித் துடைப்பேன். ஊருக்குப் போகும்போது அவள் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. கெட்டி அட்டை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கதவு, விரலால் நெம்பினால் திறக்கும். ஒன்றில் பூனை, ஒன்றில் வாத்து, ஒன்றில் தூங்குகிற பன்றி. கடைசிக் கதவுக்குப் பின்னால் ஓநாய். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அதனால் கதை என் இஷ்டம்.

எழுபத்திரண்டாம் வருஷம். உனக்கு இரண்டு வயசு. உன் அம்மா பொன்னிக்கு டி.பி. என்று வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உங்கப்பன் தசரதன், என் தம்பி, உன்னைக் கொண்டு வந்து என் மடியில் போட்டு, "அக்கா, அவ வர்ற வரைக்கும் பாத்துக்க" என்றான். வர்ற வரைக்குமாம். பிள்ளை பெறாதவள் என்று என் புருஷன் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வீடு இது. இங்கே ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கொடு என்று அதே மூச்சில் சொல்கிறான். வயிறு எரிந்தது. உனக்குப் பால் காய்ச்சப் போனேன்.

தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் புத்தகத்தை எடுப்போம். "தட்டு" என்பேன், தட்டுவாய். "உள்ள யாரு?" என்பேன், "பூனை" என்று திறப்பாய். என்ன சமர்த்து நீ. கடைசிக் கதவு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்துவேன். "இது பூச்சாண்டி. இருமிக்கினே வரும். 'கண்ணு, வாடி'ன்னு ஆசையா கூப்புடும். கிட்ட போனா தூக்கினு போயிடும். மூடு, மூடு." நீ இரண்டு கையாலும் கதவை அமுக்கி, "போ, போ" என்று கத்துவாய். அப்புறம் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். அதற்காகவே சில நாள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

ஆனால் ஓநாய் உனக்குப் பழகிவிட்டது. பயம் கம்மியாகி, சிரிக்கக்கூட ஆரம்பித்தாய். அந்தச் சமயத்தில்தான் தம்பி வந்து, பொன்னிக்கு உடம்பு தேறிவிட்டது, கார்த்திகை தீபத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றான். முகமெல்லாம் சிரிப்பு அவனுக்கு. அன்று மத்தியானம் கொஞ்சம் மைதா பசை காய்ச்சினேன். தேரடித் தெரு ஸ்டூடியோவில் எடுத்த அவர்கள் கல்யாணப் போட்டோவில் பொன்னியின் முகத்தை மட்டும் கத்தரித்து, ஓநாயின் மூஞ்சி மேல் ஒட்டினேன். அளவு சரியாக இருந்தது. அன்று சாயங்காலமும் வழக்கம்போலப் படித்தோம். அவள் வரும்வரை ஒரு நாள் விடாமல் படித்தோம்.

தீபத்தன்று வந்தாள். தெருவெல்லாம் அகல் விளக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்தவள் வாசலில் நின்று இருமினாள், பாவம். கையை நீட்டி, "கண்ணு, வாடி" என்றாள். நான் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தை. எந்தத் தாயும் அப்படித்தானே கூப்பிடுவாள். நீ அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாய். அப்புறம் ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவைச் சாத்தினாய். அவள் விரல் நசுங்கியது. நீ கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். அவளைப் பார்க்கும்போதெல்லாம் வலிப்பு வந்ததுபோல் கத்தினாய். தம்பி பயந்துபோய், மந்திரிக்கிற சடையனைக் கூட்டிவந்தான். அவன் வேப்பிலை அடித்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலேர்ந்து எதுவோ இவளத் தொத்திக்கினு வந்துருக்குது. அது கொழந்தை கண்ணுக்குத் தெரியுது. தாய் நெழலு கொழந்தை மேல படவே கூடாது" என்றான். அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் தானாகவே நம்பிக்கொண்டது. பொன்னியைக் கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் விடவில்லை. ஒரு நாள் நீ தூங்கும்போது வந்தாள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். புத்தகத்தைக் காட்டினேன். "நானும் கத்துக்கினு சொன்னா எங்கிட்ட வருவா இல்ல அண்ணி?" என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். பூனையைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிக் கதவையும் திறந்தாள்.

"இன்னா அண்ணி இது?"

புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்: "உன் மொகம் கொழந்தைக்கு மறந்துடக் கூடாதுன்னு ஒட்டி வச்சேன், பொன்னி. தெனமும் காட்டினுதான் இருக்கேன்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? தினமும் காட்டினேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்போ என்னைத் தெரிஞ்சுதான் பயப்படுதா அண்ணி?" என்றாள். தூங்குகிற உன்னைத் தொடாமல் பார்த்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன்னால் கடலைக் கொல்லைக் கிணற்றில் கிடந்தாள். கால் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். டி.பி.யில் போய்விட்டாள் என்று உனக்குச் சொல்லி வைத்தேன். மற்றப் போட்டோக்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். இது ஒன்றை மட்டும் போட மனசு வரவில்லை.

நான்தான் கொன்றேன் என்கிறாயா? சரி, நான்தான். கிணற்றுப் பக்கம் நான் போகவில்லை, ஆனால் அங்கே அனுப்பியது இந்தக் கை. தாய் இல்லாத குறை தெரியாமல் உன்னை வளர்த்ததும் இதே கைதான். நேற்று நீ அந்தக் கதவைத் திறந்ததும் உன் கை தானாகவே அதை அமுக்கி மூடியது. நீ கவனித்திருக்க மாட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

தூங்குகிற பிள்ளையை எதற்கு இப்படி வாரித் தூக்குகிறாய்? வைத்துவிட்டுப் போ. என்னை விட்டால் இவளை யார் பார்ப்பார்கள்? புத்தகம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. போகும்போது உன் போட்டோ ஒன்று கொடுத்துவிட்டுப் போ, முகம் தெளிவாகத் தெரிகிறதாக. பிள்ளைக்கு அம்மா முகம் மறந்துவிடக் கூடாது.