கக்கத்துக் காவல்

— நீ சூசன்கூட போகலை, ராணி. இப்பதான் அவ மெசேஜ் போட்டா. "நேத்து எனக்கு வேலை அத்தான், அக்காவை நான் பார்க்கவே இல்லையே"ன்னு.

— அவகிட்ட எதுக்குக் கேட்டீங்க?

— பூ எங்கன்னு கேட்டேன் லா. இன்னிக்கு ஆறு மணிக்கு ஜெபம் பண்ண ஃபாதர் வர்றாரு, நாப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு, வீட்ல ஒரு முழம் பூ இல்லை. தங்கச்சியோட பூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு நீ. காலையில எட்டு மணிக்குப் போய் ரெண்டு மணிக்குத்தான் வந்தியாம், பக்கத்து வீட்டு ஷர்மைன் சொன்னா. ஆபரேஷன் பண்ணி பன்னெண்டு நாள்கூட ஆகலை. எங்க போனே?

— ஊரெல்லாம் விசாரிச்சிருக்கீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. என் கக்கத்துல இருந்து எத்தனை எடுத்தாங்க?

— இது என்ன கேள்வி? ரெண்டு நெறிகட்டி. மார்ல இருந்த கட்டியோட சேர்த்து எடுத்தாங்க. ரெண்டுலயும் புற்று இல்லை, எங்கயும் பரவலை. டாக்டர் வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மிஸ்டர் அமலநாதன், கிளீன்"னு சொன்னாரு.

— உள்ள மொத்தம் எத்தனை இருக்கு?

— இருபது, இருபத்தஞ்சு இருக்கும்.

— பாசீர் கூடாங் ஃபேக்டரியில பத்தொம்பது வருஷமா கியூசி, சாமான் சரியா இருக்கான்னு செக் பண்ற வேலை பாக்குறேன். இருபத்தஞ்சுல ரெண்டை மட்டும் பார்த்துட்டு பாஸ்னு கையெழுத்துப் போட்டா சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான்.

— உன் ஃபேக்டரி கதையை இங்க கொண்டு வராதே. அவங்க கண்ணை மூடிக்கிட்டா எடுத்தாங்க? நீல மை ஊசி போட்டாங்க இல்ல? அந்த மை ஓடிப் போய் முதல்ல எங்க சேருதோ அந்த நெறிகட்டியைத்தான் எடுப்பாங்க. நோய் பரவுனாலும் அந்த வழியாத்தான் போகும்.

— மை ஓடுனது எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளு ஒண்ணுக்கே பச்சையாப் போனவ நான்.

— அப்புறம் என்ன? நம்ம தாமான் வாசல்ல காவலுக்கு ஜாகா உட்கார்ந்திருக்கான் பாரு, அதே மாதிரி. திருடன் உள்ள வரணும்னா ஜாகாவைத் தாண்டித்தான் வரணும். அவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னா உள்ள வீடு வீடாப் போய்த் தேட வேணாம்.

— போன மாசம் ஷர்மைன் வீட்டு சமையல் கேஸ் தோங் ரெண்டும் திருடு போச்சே. ஜாகாகிட்ட சலாம் வச்சுட்டா தூக்கிட்டுப் போனான்? பின்னாடி வேலியைப் பிரிச்சு வந்தான்.

— அது எப்பவாவது நடக்குறது.

— எப்பவாவதுன்னா எத்தனை?

— நெறிகட்டிக்குப் பரவியிருக்குற நூறு பேர்ல அஞ்சு, பத்து பேருக்கு இந்த டெஸ்ட்ல தெரியாமப் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. நீயும்தானே பக்கத்துல இருந்தே? மொத்தமா வழிச்சு எடுத்தா, அப்படி எடுத்த தனலெட்சுமிக்கு மாதிரி கை வீங்கிடும்னு பயந்ததும் நீதானே?

— நான்தான்.

— இரு, இரு. உனக்கு யாரு இதெல்லாம் ஏத்தி விட்டது? சாஆ ஊருக்குப் போனியா? அந்த நாட்டு வைத்தியர் அய்யாவுகிட்ட வேர்த் தண்ணி வாங்கிக் குடிக்கவா போனே?

— அய்யாவு தண்ணியைக் குடிச்சா வயித்தாலதான் போகும். டாக்டர் வெளிய வந்து சொன்னாருன்னீங்களே. நான் உள்ள மயக்கத்துல கிடந்தேன். ஆபரேஷன் முடியுறதுக்குள்ள, அந்த அரை மணி நேரத்துல நெறிகட்டியை எப்படிப் பார்த்தாங்களாம்?

— ஐஸ் மாதிரி உறைய வச்சு, மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க.

— எத்தனை சீவல்?

— ஒண்ணோ ரெண்டோ. எனக்கு என்ன தெரியும்?

— மேசை மேல பழக்கேக் இருக்கு பாருங்க. அதுல ஒரே ஒரு முந்திரிதான் போட்டிருக்குன்னு வைங்க. ஒரு துண்டு வெட்டுறீங்க, முந்திரி வரலை. முழு கேக்லயும் இல்லைன்னு சொல்லுவீங்களா?

— அதுக்குத்தான் முழு ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கே. மிச்சத்தை எல்லாம் சீவிச் சாயம் போட்டுப் பார்த்துட்டு, ரெண்டு வாரத்துல தர்றோம்னாங்க. அதுலயும் கிளீன்னுதான் வரும்.

— டாக்டர் அப்படிச் சொன்னாரா?

— வரும் ராணி.

— அன்னிக்கு அவரு "கிளீன்"னு சொன்னாரா, "இப்போதைக்கு கிளீன்"னு சொன்னாரா?

— இப்போதைக்குன்னும் சொன்ன மாதிரிதான் இருக்கு.

— நின்ன இடத்துலயே கோயில் வாட்சப் குரூப்ல போட்டீங்க. "என் மனைவி பூரண சுகம் பெற்றாள்"னு. ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் அறிவிச்சாரு, அமலநாதன் வீட்டுல நன்றி ஜெபம்னு. முழு ரிப்போர்ட் வரட்டும்னு ஒரு ஆளுக்கும் தோணலை.

— சந்தோஷத்துல போட்டேன். அது ஒரு குத்தமா? மூணு மாசமா நான் தூங்குனேனா, தின்னேனா? விடியக்காலம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்போ மோட்டார்ல அழுதுக்கிட்டே போவேன். ஹெல்மெட்டுக்குள்ள யாருக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியும்.

— அப்போ ஏன் போலீஸ்காரன் மாதிரி நோண்டுற? நீ எதையோ மறைக்கிறே. நேத்து எங்க போனே, சொல்லு.

— ஆஸ்பத்திரிக்கு. கிராப் டாக்சி பிடிச்சுப் போனேன்.

— எதுக்கு?

— வியாழக்கிழமை நர்ஸ் போன் பண்ணா. முழு ரிப்போர்ட் வந்திருச்சு, டாக்டர் பார்க்கணுங்குறாருன்னு.

— என்னன்னாரு?

— ஒரு நெறிகட்டியில இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. யாரும் தப்புப் பண்ணலையாம். அவ்வளவு சின்னது அந்த அரை மணி டெஸ்ட்ல சில நேரம் மாட்டாதாம்.

— ராணி.

— பயப்படாதீங்க. மறுபடியும் கக்கத்தைத் திறக்க வேண்டியிருக்காது, ரேடியேஷன்லயே சேர்த்துப் பார்த்துக்கலாம்னாரு. மருந்து மாறலாம். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காரு.

— ரெண்டு நாளா எப்படி வாயைத் திறக்காம இருந்தே?

— வியாழக்கிழமை போன் வந்ததுமே சொல்லத்தான் வந்தேன். நீங்க சாப்பாட்டுக்காரன்கிட்ட போன்ல பேசிட்டிருந்தீங்க. பாயசத்தையும் சேர்த்துக்கோன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நீங்க சிரிச்சு நான் பார்த்தே மூணு மாசமாச்சு.

— வெளிய காடி வந்து நிக்குற சத்தம் கேக்குது.

— ஃபாதர்தான். என்னங்க, அவரு நன்றின்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்களே எழுந்து, குரூப்ல அவசரப்பட்டுப் போட்டுட்டேன், என் பொண்டாட்டிக்கு இன்னும் சுகமாகலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறீங்களா?