பலகையில் ஒரு சாண்

மேடையில் வீற்றிருக்கும் கிளப் தலைவர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, அவருடைய மகளே, மருமகனே, ஆட்டக்காரத் தம்பிகளே, சீட்டு கிழிப்பவர் முதல் புல் வெட்டுபவர் வரை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். தலைவர் தட்டச்சு செய்த உரையைப் படித்தார். பயிற்சியாளர் கைப்பேசியைப் பார்த்துப் பேசினார். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்தான் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், நல்ல கடிகாரம்.

நம்மை விட்டுப் போனவர் யார்? அணித் திட்டப் பொறுப்பாளர் என்று அவர் அறைக் கதவில் எழுதியிருக்கிறதாம். நமக்கு அவர் பலகை ஐயா. அந்தப் பெயர் எப்படி வந்தது? மருமகன் வீட்டார் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பந்தாட்டம் தெரியும், பலகை தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெட்டி நிறையப் பணம் இருந்தாலும் அதற்கு மேல் தரக் கூடாது. தந்தால் புள்ளிகளை வெட்டிவிடுவார்கள். மைதானத்தில் உருண்டு புரண்டு வாங்கிய புள்ளிகள், ஒரு கையெழுத்தில் போய்விடும். இந்த விதி வந்த புதிதில் நம் தலைவருக்குக் கோபம் தாங்கவில்லை.

“பணம் என்னுது, ஆளும் என்னுது, நடுவுல லீக்குக்கு எங்க வலிக்குது?” என்றார்.

ஐயா காகிதத்தில் கட்டம் போட்டு விளக்கினார். தலைவர் கொட்டாவி விட்டார். ஐயா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தலைவரை உடைமாற்றும் அறைக்கு அழைத்து வந்தார். அங்கே சுவரை ஒட்டி ஒரு நீளப் பலகை. அதைத் தட்டிக் காட்டினார்.

“சார், இந்தப் பலகைதான் உச்சவரம்பு. இதுக்கு மேல பலகை கிடையாது. பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் காலை அகட்டி உட்கார்ந்தா, அந்தக் கோடியில ஒருத்தன் கீழ விழுவான். யாரைத் தள்ளப் போறீங்கன்னு இப்பவே சொல்லிருங்க.”

தலைவருக்கு அன்றைக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் புரிந்தது. எனக்கு எழுத்து இல்லை, தலைவருக்குப் பொறுமை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பலகையில் பாடம் நடத்தியவர் அவர்!

அன்று முதல் ஒவ்வொரு ஆட்டப் பருவத்துக்கும் முன்னால் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். சம்பளம் கூடினவருக்கு அகலக் கட்டம், குறைந்தவருக்கு ஒடுக்கக் கட்டம். அதிலும் ஒரு கூத்து நடந்தது. நம் தற்காப்பு ஆட்டக்காரர் பீப்பாய், இதோ சிரிக்கிறாரே, இவர்தான், தன் கட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் வழிந்திருக்கிறது. எடைக்குத்தான் இடம் என்று நினைத்துக்கொண்டு பருவம் முழுக்கப் பட்டினி கிடந்தார். பிறகு ஒப்பந்தம் பேச வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா?

“சார், இப்ப நான் இளைச்சுட்டேன். கட்டத்துல மிச்சம் கிடக்கற இடத்துக்குக் காசு போட்டுக் குடுத்துருங்க.”

ஐயா சிரிக்கவில்லை. “இளைச்சதுக்குக் காசு கிடையாது தம்பி. ஆனா போன பருவத்தைவிட வேகமா ஓடறே. அதுக்கு உண்டு” என்று கோட்டைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அனுப்ப வேண்டியவரைக்கூட உட்கார வைத்துக் காரணம் சொல்லித்தான் அனுப்பினார்.

பிறகு செங்கல் வந்தது. தலைவர் மன்னிக்க வேண்டும், அதைச் சொல்லாமல் முடியாது. தலைவர் ஐயாவைக் கேட்காமல் ஒரு ஆட்டக்காரரைப் பல வருஷ ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வந்தார். வந்தவருக்கு நம் ஊர் வெயிலும் ஆகவில்லை, குளிரும் ஆகவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார். ஆள் போனாலும் வாக்குக் கொடுத்த சம்பளம் கணக்கில் நிற்கும், அதுதான் விதி. ஐயா ஒரு செங்கல்லுக்கு அந்த ஆளின் பனியனை மாட்டிப் பலகையில் வைத்தார். இருந்தபோது கோல் போடாத ஆள், போன பிறகு மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டார். “செங்கல் அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்று தம்பிகள் தினமும் கும்பிடு போடுவார்கள். பனியனைத் துவைப்பது மட்டும் என் வேலையாக இருந்தது.

எத்தனை நெருக்கடி வந்தாலும் பலகையின் கோடியில் ஒரு சாண் இடத்தை ஐயா காலியாக விட்டுவிடுவார். முன்வரிசையில் இருக்கும் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்: “வீட்டு அலமாரியிலயும் இதே கதைதான். ஒரு சாண் சும்மா கிடக்கும். நான் ஒரு துண்டை வச்சாக்கூட எடுத்துருவார்.” தலைவருக்கு அந்த ஒரு சாணைக் கண்டாலே ஆகாது. வரும்போதெல்லாம் தன் தொப்பியை அதில் வைப்பார். ஐயா எடுத்து அவர் கையிலேயே கொடுப்பார். பருவத்தின் நடுவில் இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள் தலையோடு தலை மோதிக்கொண்டு ஒன்றாகப் படுத்தார்களே, நினைவிருக்கிறதா? படுத்தவர்களின் சம்பளமும் பலகையில்தான் இருந்தது. வேறு கிளப்பாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். நம்மிடம் ஒரு சாண் இருந்தது. கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு ஆளைக் குறைந்த சம்பளத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அந்த ஆள்தான் அரையிறுதியில் கோல் கோட்டில் நின்று பந்தைத் தடுத்தார்.

நேர்மை என்றால் என்ன? அதற்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன். நம் முன்கள வீரர் ராக்கெட் தம்பிக்குப் பலகைக்கு வெளியே பணம் தர வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. தம்பியின் மச்சானைப் புல் வெட்டுபவராகச் சேர்த்து, பெரிய சம்பளம் போடலாம் என்றார். “தாராளமா போடலாம் சார். நாளைக் காலையில வெட்ட வரச் சொல்லுங்க” என்றார் ஐயா. மச்சான் பளபள ஷூவோடு வந்தார். பெனால்டி அடிக்கும் இடத்தை மொட்டையாக்கிவிட்டுப் போனார். ஐயா சாக்குக்கட்டியை எடுத்து அவர் சம்பளத்தையும் பலகையில் கோடு போட்டார்.

“அவன் புல்லுதானேய்யா வெட்டறான்?”

“வெட்டறவரோட அக்கா வீட்டுக்காரர் யாருன்னு லீக் கேக்கும் சார்.”

மறுநாள் மச்சான் வரவில்லை. புல் வளர்ந்துவிட்டது.

இனி, அவர் முடிக்காமல் விட்டுப்போன கணக்குக்கு வருகிறேன். நாளை மாலைக்குள் அணிப் பட்டியலை லீக்கிடம் கொடுக்க வேண்டும். ராக்கெட் தம்பி சம்பள உயர்வு கேட்டிருக்கிறார். அதைக் கொடுத்தால் நம் இரண்டாம் கோல்காப்பாளருக்கு, பெரிய கை என்று நாம் கூப்பிடுகிறோமே, அவருக்கு இடமில்லை. பாலகனாக வந்து இங்கேயே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். அந்த முழங்காலோடு வேறு எந்த கிளப்பும் அவரைச் சேர்க்காது. “அந்த ஒரு சாண்ல அவனை உட்கார வையேன்” என்றார் தலைவர். “அவர் உள்ளங்கையே ஒரு சாண் சார். லீக் சொல்ற குறைந்தபட்ச சம்பளம்கூட அதுல அடங்காது” என்றார் ஐயா.

போன வாரம் ராக்கெட் தம்பி வீட்டுக்கு ஐயா போனார். தைத்த பூட்ஸைக் கொடுக்கும் சாக்கில் நானும் கூடப் போனேன்.

“தம்பி, நீ கேக்கறது உன் ஆட்டத்துக்குத் தகும். அதை நான் மறுக்கலை. ஆனா இந்த வருஷம் செங்கல் உட்கார்ந்திருக்கு. அடுத்த வருஷம் அது எழுந்து போயிரும். அப்ப நீ காலை நீட்டிக்கோ. இந்த ஒரு வருஷம் முழங்காலைச் சேர்த்து வை.”

“நான் ஏன் சார் சேர்த்து வைக்கணும்? செங்கல்லைக் கூட்டி வந்தது நானா?”

“நீ இல்லை. தலைவர்.”

“அப்ப அவரை நகரச் சொல்லுங்க.”

“அவர் பலகையில உட்காரலையே தம்பி. நாற்காலியில உட்கார்ந்திருக்கார்.”

ராக்கெட் தம்பி சிரித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். திரும்பும் வழியில் ஐயாவுக்கு ஒரே உற்சாகம். “சிரிச்சுட்டான்ல? பாதி நகர்ந்துட்டான்” என்றார். மீதிப் பாதியைக் கேட்க அவருக்கு இதயம் இடம் தரவில்லை. அந்த வாரக் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று நாற்காலி போதவில்லை என்று அந்தப் பலகையையே இங்கே தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். தம்பிகள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கல்லையும் யாரோ மறக்காமல் கொண்டு வந்திருக்கிறார்கள். பெரிய கை மட்டும் கதவோரம் நிற்கிறார். நான் யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை. இது இரங்கல் கூட்டம், ஒப்பந்தம் பேசும் கூட்டம் இல்லை. ஐயாவுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் நிற்போம்.

போதும். உட்காருங்கள். மெதுவாக உட்காருங்கள்.

என்ன ராக்கெட் தம்பி? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். “உயர்வு அடுத்த வருஷம் வாங்கிக்கறேன் தாத்தா. அண்ணனை வந்து உட்காரச் சொல்லுங்க” என்கிறார். பயிற்சியாளர் அவர்களே, கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வா பெரிய கை, வந்து உட்கார். அழாதே, அம்மாவே அழவில்லை பார்.

பலகை ஐயா அவர்களே! உங்களுக்கு மண்டபம் கட்டுவோம், சிலை வைப்போம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் உச்சவரம்பு கேட்பீர்கள். புது ஆள் யார் வந்தாலும் உங்கள் சாக்குக்கட்டியை அவர் கையில் கொடுப்பேன். செங்கல்லின் பனியனை அதன் காலம் முடியும்வரை துவைத்துப் போடுவேன். பலகையின் கோடியில் நீங்கள் விட்ட இடத்தை, ஆபத்து வந்தாலொழிய, நாங்கள் யாருக்கும் கொடுக்கமாட்டோம்.

இதோ, எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அது காலியாகத்தான் இருக்கிறது. தலைவர் அவர்கள் போகும் வழியில் அதன்மேல் தொப்பியை வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.