பத்து நிமிட நுரை

முட்டையை ஏழு நிமிடம் வேகவிட்டு உடனே குளிர்ந்த நீரில் போட்டால் ஓடு சுலபமாக உரியும். என் மனைவி இறந்த பிறகு நான் உருப்படியாகச் செய்த சமையல் அது ஒன்றுதான்.

டாக்டர், சீமாட்டிக்கு என்னதான் ஆனது என்று கேட்டீர்கள். என் மகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டீர்கள். அந்த மரியாதைக்காகவே எழுதுகிறேன்.

சீமாட்டி என் மனைவி வளர்த்த நாய். அவள் இறந்த மாதமே அது சொறியத் தொடங்கியது. வயிறு சிவந்தது, காதோரம் முடி கொட்டியது. நீங்கள் தோலைச் சுரண்டிப் பார்த்தீர்கள். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. தின்பதில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். எட்டு வாரம் ஆட்டுக்கறியும் பூசணியும் மட்டும். வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பு. நுரை பத்து நிமிடம் உடம்பில் ஊற வேண்டும்.

எனக்கு முட்டி வலி. அதனால் ஞாயிறுதோறும் மகள் வந்தாள். அவள் அம்மா போனபின் எங்களுக்குள் பேச்சே அற்றுப்போயிருந்தது. ஆனால் நாய் நுரையை உதறாமலிருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் முக்காலியில், அவள் குளியலறைத் தரையில். பத்து நிமிடம் பேசாமல் வேறென்ன செய்வது?

"அம்மா இருந்தா உங்களையும் சேத்து உக்கார வெச்சுத் தேச்சிருப்பா."

"உங்கம்மாவுக்கு என்னைவிட இவ மேலதான் அக்கறை."

"பின்ன? இவ சொன்ன பேச்சு கேட்டாளே."

சிரிப்போம். ஒரு ஞாயிறு அவள் அழுதாள். நானும்தான்.

ஏழாம் வாரம் முடி முளைத்தது. "இனி நான் வரணும்னு இல்லப்பா, போன்ல பேசிக்கலாம்," என்றாள். மூன்று ஞாயிறு போன் வந்தது. நான்காம் ஞாயிறு ஷாம்பு புட்டியைத் திறந்து முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முட்டை கொடுத்தேன். மறுநாள் பாதத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மகளிடம் சொன்னேன், சொறிகிறது என்று மட்டும்.

"இதோ கிளம்பிட்டேன்பா."

அதன்பின் தினமும் அரை முட்டை.

"வேற யாராவது திங்கக் குடுக்கறாங்களா சார்?" என்று கேட்டீர்கள். "வீட்ல என்னைத் தவிர யாருமில்லையே," என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

நீங்கள் ஆட்டுக்கறியை நிறுத்தினீர்கள். பிறகு பூசணியை. சீமாட்டி எலும்பும் தோலுமானது. புண்ணைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினோம். சுவரில் உரசி உரசிச் சுவரெல்லாம் கறை. முட்டையை மட்டும் ஆசையாக வாங்கிக்கொள்ளும். முடிந்ததும் என் விரல்களை நக்கும். மகள் வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். புண்களில் சீழ் வைத்துக் கிருமி இரத்தத்தில் ஏறியபோது, பெட்டியோடு வந்து அம்மாவின் அறையில் தங்கினாள். வீட்டில் மறுபடி குழாய் திறக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

உங்கள் மேசைமேல் அதன் மூச்சு அடங்கியதும் அவள் என் தோளில் சாய்ந்தாள். "நீங்களும் எவ்வளவோ செஞ்சு பாத்தீங்கப்பா."

அன்று காலையும் கொடுத்திருந்தேன். முழு முட்டை. நான்தான் கொன்றேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மகள் நொறுங்கிப்போயிருக்கிறாள், அடுத்த வாரம் கிளம்பப் போகிறாள். நேற்று ஒரு குட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வகைக்குத் தோல் ரொம்ப மென்மை, எது பட்டாலும் சிவந்துவிடும் என்று விற்பவர் எச்சரித்தார். பரவாயில்லை என்றேன். எல்லாம் அவளுக்காகத்தானே.