உறை உனக்கு, கடுதாசி எனக்கு

— கையக் கழுவினியா?

— கழுவினேன் ஹார்லன். சோப்புப் போட்டு, தொடச்சு, காய வச்சு, ஆபரேஷனுக்குப் போற டாக்டர் மாதிரி கழுவினேன். போதுமா?

— கழுவின கையால ரொட்டியத் தொட்ட. விரல்ல ஜாம் இருக்கு.

— அதுவும் உன் வீட்டு ஜாம்தான். நான் இந்த வீட்டை விட்டுப் போனப்ப மூடி வச்ச பாட்டிலோ என்னமோ, ஸ்பூனே உள்ள எறங்கல. சரி, மறுபடி கழுவறேன். நீ அந்த ஆல்பத்த எடுத்து மேஜைமேல வை.

— வைக்கறேன். ஆனா வெர்னா, இப்பவே சொல்லிடறேன். எந்த உறைக்கு எந்தக் கடுதாசின்னு பொருத்திப் பாக்கத்தான் ஒத்துக்கிட்டேன். உறையக் குடுக்கறேன்னு சொல்லல.

— நானும் பிடுங்கிட்டு ஓடப் போறதில்ல. கார் சாவி அங்க கெடக்கு பாரு, உன் நாய் அதுமேல படுத்திருக்கு. என்னத்த சொல்ல, மியூசியத்து அம்மா ஒரே பேச்சாச் சொல்லிட்டா. கடுதாசிய மட்டும் வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா செய்யறது, உறையோட சேத்துக் குடுத்தா தனி அறையே தர்றோம், இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னா.

— ஏன், கடுதாசி மட்டும்னா அவங்களுக்கு என்னவாம்?

— பொண்டாட்டி ஃபீபிக்கு இத்தன எழுதின ஆமோஸ் ஒன்னுலயாவது தேதி போட்டிருக்கானா? 'ஞாயித்துக்கெழம, பனி'ன்னு ஆரம்பிப்பான். இல்லேன்னா 'ஞாயித்துக்கெழம, சேறு'. எந்த வருஷத்து ஞாயித்துக்கெழம, எந்த ஊருச் சேறு? அதெல்லாம் உன் உறைமேல தபால் முத்திரையிலதான் இருக்கு.

— அதத்தான் நான் அன்னைலேருந்து சொல்றேன். உறைதான் முக்கியம்.

— விவாகரத்துக் கோர்ட்லயும் இதையேதான் சொன்ன. அந்த நீதிபதி பாவம், ரெண்டு தடவ கேட்டாரு. ஏன் சார், கடுதாசி ஒருத்தருக்கு உறை ஒருத்தருக்குன்னா பிரிக்கறது, யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. நீ யோசிக்கவே இல்ல. 'எனக்கு உறை போதும்'ன்ன.

— 'எனக்குக் கடுதாசி போதும்'னு நீயும்தான் சொன்ன.

— நான் மூக்கச் சிந்திக்கிட்டே சொன்னேன் ஐயா. நீ உறையப் பெட்டியில அடுக்கிக்கிட்டே சொன்ன.

— அது கெடக்கட்டும். காப்பி ஊத்தவா?

— மேஜைக்கு ஒரு முழம் தள்ளி நின்னு ஊத்து. சொட்டு விழுந்தா என்னைத்தான் திட்டுவ.

— இரு. மொதல்ல இது. டோலிவர் சுரங்க முகாம். மொன்டானா மாநிலம் ஆகறதுக்கு முந்தின உறை. முத்திரைய தபாலாபீஸ்காரன் பேனாவாலயே எழுதியிருக்கான் பாரு. முத்திரைக்கட்டை வந்து சேர்றதுக்குள்ள தங்கம் தீந்து ஊரே காலி. இந்த ஊரு உறை வேற யாருகிட்டயும் நான் பாத்ததே இல்ல.

— அழகுதான். மூலையில என்ன, தேய்ஞ்சிருக்கு?

— எலி. நல்லாக் கடிச்சிருக்கு.

— அப்ப இந்தா, இதுதான் அதோட கடுதாசி. இங்கயும் அதே மூலை இல்ல. உள்ள நுழைச்சுப் பாரு. கடிச்ச எடம் ரெண்டும் ஒன்னா வருதா?

— வருது. மயிரிழை பிசகாம வருது.

— அந்த எலிக்கு நம்ம ரெண்டு பேரைவிடப் புத்தி இருந்திருக்கு. ரெண்டையும் சேத்து வச்சே கடிச்சிருக்கு.

— அயோவா பண்ணை ஏலத்துல அந்த ஷூ டப்பாவ எடுத்தப்பவே எலிப்புழுக்கை இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?

— இல்லாம? கல்யாணமாகி மொத வெளியூர்ப் பயணம். புதுப்பொண்டாட்டிக்கு ஒரு வளையல் இல்ல, ஒரு சட்டை இல்ல, செத்துப்போனவன் கடுதாசி ஒரு டப்பா. எங்கம்மா கேட்டுட்டு போன்லயே திட்டினா. ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது. வர்ற வழியெல்லாம் வண்டியில நான் படிச்சுக்கிட்டே வந்தேன். நீ உறையவே பாத்துக்கிட்டு ஓட்டின, ரெண்டு தடவ பள்ளத்துல விட்ட.

— ஒரு தடவதான்.

— சரி, ஒரு தடவ. அடுத்தத எடு.

— அடுத்தது இது. இத இடுக்கியாலதான் எடுக்கணும். இதுதான் டென்வர் தபால்தலைக் கண்காட்சியில தங்கப் பதக்கம் வாங்கித் தந்த உறை. இந்தக் கிழிசலப் பாரு, நீளவாக்குல. ஆத்துப் படகுல தபால் மூட்டை நசுங்கி விழுந்த கிழிசல். பக்கத்துலயே வெவரமா எழுதி ஒட்டியிருந்தேன். நடுவருங்க மூணு பேரும் நின்னு படிச்சுட்டுத் தலையாட்டினாங்க.

— மூட்டை நசுங்கியா?

— ஏன் சிரிக்கற?

— ஒன்னுமில்ல. இந்தக் கடுதாசியப் படி.

— நீயே படி. என் கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்.

— நெத்தியில வச்சிருக்க. படி ஹார்லன்.

— 'ஃபீபி, வாத்து எறகுத் தண்டு ஒன்னுல தங்கத்தூள அடைச்சு, ரெண்டு பக்கமும் மெழுகு வச்சு, இதுக்குள்ளயே வச்சிருக்கேன். உறை புடைச்சுக்கிட்டு நிக்குது, தபால்காரன் என்னைத் திட்டுவான். நீ பிரிக்கும்போது மடியில துணி விரிச்சுக்க. தண்டு இப்பவே உறையக் குத்துது...'

— நிறுத்தாத. மேல படி.

— 'பையனுக்கு பூட்ஸ் வாங்கு. மிச்சமிருந்தா உனக்கு ஏதாவது வாங்கிக்க. மிச்சமிருக்காதுன்னு எனக்கும் தெரியும்.'

— இப்பச் சொல்லு. மூட்டை நசுங்கியா?

— எறகு குத்திக் கிழிச்சிருக்கு. உள்ளேருந்து. அடக் கடவுளே, கிழிசலோட ஓரம் வெளிப்பக்கமாத்தான மடங்கியிருக்கு. எத்தன வருஷம் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், ஏன்னு ஒரு தடவகூடத் தோணல.

— அப்ப கடுதாசி வேற எங்கயும் இல்ல. அதே அலமாரி, அடுத்த டிராயர்.

— தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லியிருக்கலாமே நீ.

— சொல்லலையா நான்? சாப்பிட உட்காந்தா, 'ஹார்லன், ஆமோஸ் என்ன எழுதியிருக்கான் தெரியுமா'ன்னு ஆரம்பிப்பேன். நீ 'இரு, இந்த மை மங்கினதா, வேற மையான்னு பாத்துட்டு வந்துடறேன்'ம்ப. போனவன் வந்ததே இல்ல. சூப்பு ஆறிப்போய், நான் நாய்கிட்டதான் கதை சொன்னேன். இந்த நாய் இல்ல, அதோட அம்மா.

— ம்.

— திட்டறதுக்குச் சொல்லல. கேட்ட, சொன்னேன்.

— அடுத்தது எது? அத நானே படிக்கறேன். குடு.

— அதானே, ருசி கண்டுட்ட. இது பல்வலிக் கடுதாசி.

— 'கன்னம் வீங்கி ஒரு கண்ணு மூடிப்போச்சு. இங்க பல் வைத்தியன் கெடையாது. கொல்லன் புடுங்கறான். குதிரைக்கும் அவன்தான், எங்களுக்கும் அவன்தான். குதிரைக்கு மட்டும் காசு வாங்கிக்கறான்...' ஹா. நல்லா எழுதறான் இவன்.

— இத்தன வருஷம் கழிச்சாவது தெரிஞ்சுதே.

— அந்தப் பல்லு என்ன ஆச்சு?

— தப்பான பல்லப் புடுங்கிட்டான் கொல்லன். அடுத்த கடுதாசியில வரும். ஏய், முந்திப் படிக்காத, அந்த உறைய மொதல்ல கண்டுபிடி.

— இந்தா, மஞ்சள் உறை. எண்ணெய்க் கறை. இத நான் விளக்குல ஊத்தற எண்ணெய்ன்னு எழுதி வச்சிருக்கேன்.

— அது பன்றிக் கொழுப்பு. பலகைமேல உப்புப் பன்றிக்கறி வெட்டுவான். அதே பலகைமேல வச்சுத்தான் எழுதுவான். ஃபீபிகிட்ட மன்னிப்பும் கேட்டிருக்கான் அதுக்கு.

— இதையும் மாத்தி எழுதணும்.

— எங்க எழுதப் போற? உன் ஆல்பத்துலயா?

— எடுத்துக்க வெர்னா.

— எத?

— உறையெல்லாம். மியூசியத்துக்கே குடுத்துடு. கடுதாசியோடயே இருக்கட்டும். தனியா வச்சுக்கிட்டு தப்புத்தப்பா எழுதி ஒட்டினது போதும்.

— நெஜமாவா?

— மறுபடி கேக்காத. மனசு மாறினாலும் மாறிடும்.

— கேக்கல. ரொம்ப சந்தோஷம் ஹார்லன். ஸ்போகேனுக்குப் போறதுக்குள்ள இத முடிச்சுடணும்னு அடிச்சுக்கிட்டு இருந்தது எனக்கு.

— ஸ்போகேனா? உன் தங்கச்சி வீட்டுக்கா? எத்தன நாளைக்கு?

— நாள் கணக்கென்ன, மொத்தமாத்தான். அடுத்த மாசம். வாடகை வீட்டக் காலி பண்றேன்னு சொல்லியாச்சு, சாமானெல்லாம் கட்டியாச்சு. இனிமே பனி தள்ள என்னால முடியாது.

— பனி தள்ள ஆள் வச்சுக்கலாமே.

— பேச்சுத்துணைக்கும் ஆள் வச்சுக்க முடியுமா?

— இல்ல. சும்மா கேட்டேன். காப்பி ஆறிடுச்சு உனக்கு.

— ஆறட்டும். அந்தக் கடைசி உறைய எடு.

— இதான். டோலிவர், ஆகஸ்ட். இதுக்கப்புறம் அவன் அனுப்பினது ஒன்னும் டப்பாவுல இல்ல. கடுதாசியக் குடு, நுழைச்சு மூடிடுவோம்.

— அத நீதான் எடுத்துட்டு வரணும்.

— நானா? என்கிட்ட ஏது கடுதாசி?

— வெளையாடாத ஹார்லன். காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நான் கேக்காமலே நீயே எடுத்து வைப்பன்னு இருந்தேன்.

— வெளையாடல. கடுதாசியெல்லாம் நீ கொண்டுபோன. ஒன்னுகூட என்கிட்ட இல்ல.

— தூக்கிப் போட்டுட்டியா? போட்டிருந்தா சொல்லிடு. கோவிச்சுக்கற வயசெல்லாம் தாண்டியாச்சு. ஆனா அது ஆமோஸ் எழுதினது. என் மேல கோவம்னாலும் அதத் தூக்கிப் போட உனக்கு மனசு வராதுன்னு நெனச்சேன்.

— வெர்னா, நிதானமாச் சொல்லு. எந்தக் கடுதாசி? அதுல என்ன இருக்கு?

— எனக்கு மனப்பாடம். 'ஃபீபி, நான் கோவத்துல கெளம்பி வந்துட்டேன். வந்து சேந்த அன்னைக்கே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு, சொல்லத்தான் வாய் வரல. இந்த ஊர்ல எனக்குன்னு ஒன்னும் இல்ல. வான்னு ஒரு வரி எழுது, வந்துடறேன். ஆத்துல பனி கட்டறதுக்குள்ள உன்கிட்டேருந்து ஒன்னும் வரலேன்னா, வேணாம்னு எடுத்துக்கறேன். மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்.' அவ்வளவுதான் கடுதாசி.

— ஃபீபி எழுதினாளா?

— எழுதாமலா? வீட்டுக்குப் போயிட்டவன் எதுக்குக் கடுதாசி போடப் போறான்? அதான் டப்பாவுல அதுக்கப்புறம் ஒன்னும் இல்ல. அயோவால ஒரே கல்லுக்குக் கீழதான் ரெண்டு பேரும் படுத்திருக்காங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— அந்தக் கடுதாசி எங்க இருக்கு இப்ப?

— உனக்கு அனுப்பினேன் ஹார்லன். கோர்ட் முடிஞ்ச அடுத்த வருஷம். நான்தான இந்த வீட்டை விட்டுப் போனேன், நான்தான கேக்கணும். எனக்குக் கேக்கத் தெரியல. எத்தனையோ தாளக் கிழிச்சுப் போட்டேன். அப்புறம், இவன் என்னைவிட நல்லாக் கேட்டிருக்கானேன்னு அதையே மடிச்சு வேற உறையில போட்டேன். நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்.

— எந்த ஊர்லேருந்து போட்ட?

— பாரு, அதத்தான் கேக்கற. மர்டாக்லேருந்து. அந்தத் தபாலாபீஸ அடியோட மூடின அன்னைக்கு. அதுக்காகவே காரெடுத்துக்கிட்டுப் போனேன். உள்ள இருந்த அம்மாகிட்ட, 'நேரா, அழுத்திக் குத்துங்க, வாங்கறவரு அதுலதான் கண்ணா இருப்பாரு'ன்னு சொன்னேன். முத்திரையப் பாத்ததுமே உனக்குப் பாதி மனசு எளகிடும்னு ஒரு நப்பாசை.

— கறுப்பு மை. வட்டம் முழுசா விழுந்திருக்கும். தபால்தலையில ஒரு நீலப் பறவை. அதோட வால்ல மட்டும் முத்திரை லேசாத் தொட்டிருக்கும்.

— கெடைச்சிருக்கு அப்ப.

— கெடைச்சது.

— எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க விளம்பரக் காகிதமாத்தான் வந்தது. தெனம் தபால்பெட்டி வரைக்கும் பனியில நடந்து போய்ப் பாத்தேன். ரொம்ப வலிச்சது ஹார்லன், மறைக்க என்ன இருக்கு. அப்புறம் ஆத்துல பனி கட்டி, உருகியும் போச்சு. சரி, இதுதான் உன் பதில்னு விட்டுட்டேன். எதுக்கு எந்திரிக்கற? உட்காரு. இதச் சொல்லணும்னு நான் வரல. உறையும் கடுதாசியும் ஒன்னாச் சேரணும், அதுக்குத்தான் வந்தேன். அதக் குடு, போதும்.

— ஒரு தபாலாபீஸ அடியோட மூடற அன்னைக்கு, உறை சேக்கற நாங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குவோம் இல்ல, கடைசி நாள் முத்திரைக்காக. உறை மடங்காம இருக்க உள்ள வெத்து அட்டை வச்சு.

— தெரியாதா எனக்கு? எத்தன அட்டை வெட்டிக் குடுத்திருக்கேன் உனக்கு. அதுக்கென்ன இப்ப?

— உன் கையெழுத்தப் பாத்ததும், கோவத்தையெல்லாம் விட்டுட்டு எனக்கு ஒரு முத்திரை அனுப்பியிருக்கியேன்னு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்தேன். மேல் அலமாரியில, மொத ஆல்பத்துல, மொதப் பக்கத்துல வச்சிருக்கேன். பிரிச்சா மதிப்புப் போயிடுமேன்னு, நான் அத இன்னைக்கு வரைக்கும் பிரிக்கல வெர்னா.