ஓட்டுரிமைச் சிலையும் ஒரு கோடு மையும்

கம்பியும் கலவையும் கைகட்டி நிற்கும் கட்டடப் பிரிவின் கண்மணியே! ஆவடி அனுப்பிவைக்க, அல்வால் அணைத்துக்கொண்ட அருமைப் பொறியாளர் பகவதி அம்மையாரே, வணக்கம்! நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து ஓடிவிடுவீர்கள்; ஆகவே யாரோ ஒருவர் கதைபோலப் படிக்கிறோம்.

ஓய்வுக்கு முன் அம்மையாருக்கு ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகக் குரல் கொடுத்தவர்களுக்கு நம் குடியிருப்பு வாசலில் எழும் நினைவுச் சின்னத்தைக் குறையில்லாமல் முடித்துவிட வேண்டும். பட்டான்செருவிலிருந்து சிற்பி நஸ்ரினின் சிலை வந்து இறங்கியது. இடக்கைச் சுட்டுவிரலை உயர்த்திய வெண்கலப் பெண். விரலில் மைக்கோடு மட்டும் விட்டுப்போயிருந்தது.

திறப்புக்கு முந்தைய நாள் நஸ்ரின் போனில், "மேடம், பர்தா ஆப்பிச் கீஞ்சோ" என்றார். திரையை நீங்களே விலக்குங்கள் என்று பொருள். ஆவடியிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத அம்மையாருக்கு, கிரேன் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. தம் கவலையைக் கத்தினார்: "கைக்கு மை! கைக்கு மை!"

ஐயோ! இந்த ஊர் உருதில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'; 'மை' என்றால் 'நான்'. நான் எதற்கு என்று அம்மையார் மறுப்பதாக நினைத்து, "மேடம் நக்கோ போல்ரே", அதாவது மேடம் வேண்டாம் என்கிறார் என்று நஸ்ரின் எங்களிடம் சொல்ல, நாங்களும் திரை விலக்க ஒரு பெரிய அதிகாரியைப் பிடித்து வந்தோம்.

மறுநாள் அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்கு யாரும் அழைக்கவில்லை, எதிரே வந்தவரெல்லாம் "என்ன தன்னடக்கம்!" என்று கும்பிட்டார்கள். எந்தத் தன்னடக்கம்? என்ன தப்பு செய்தோம்? அதிகாரி திரையை விலக்கினார். விரல் வெறுமையாக நின்றது.

"இதென்ன, 'டீச்சர், மே ஐ கம் இன்'னு கேக்கற மாதிரி இருக்கு!" என்றார் எங்கள் பிரிவு ராகவேந்திரா.

அவ்வளவுதான், அம்மையார் எழுந்துவிட்டார். "பர்மிஷன் கேக்கறதுக்கா சார் இவளை நிக்க வெச்சோம்? கைக்கு மைன்னு நேத்தே கத்தினேனே!"

"ஆப் நை தோ கௌன், மேடம்?" என்றார் நஸ்ரின். நீங்கள் இல்லாமல் வேறு யார் என்கிறாராம்! இரு மொழியும் அறிந்த கணக்குப் பிரிவு சாவித்ரி வயிறு குலுங்கச் சிரித்து விளக்கிய பிறகே எங்கள் மண்டையில் ஏறியது. வெட்கத்தில் தலைகுனிந்தோம்.

நஸ்ரின் ஓடிப்போய்க் கருநீலப் பூச்சைக் கொண்டுவந்தார். அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகி ஏணியேறிய அம்மையார், நகத்தின்மேல் நடுங்காமல் ஒரு கோடு இழுத்தார். அனுமதி கேட்ட விரல், ஓட்டுப் போட்டுவிட்டு வந்த விரலாயிற்று.

அம்மையாரே! நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! ஒவ்வொரு தேர்தலுக்கும் வாருங்கள். வரிசையில் முதல் இடம் பிடித்து வைக்கிறோம்.

அன்பும், இன்னும் முழுதாய்த் தெளியாத குழப்பமுமாக,
கட்டடப் பிரிவுத் தோழர்கள், அல்வால்