கிளிப்பச்சைச் சீலை

— அந்த எடம் வந்ததும் கெணத்துக்கடவு தியேட்டரே எந்திரிச்சு நின்னு கையத் தட்டுது அம்மணி! நானும் சேந்து தட்டுனேன். இன்னையோட நாலாவது வாட்டி பாத்துப்போட்டேன்.

— நம்மூட்ல எடுத்ததுதானுங்களே மாமா. என்ன பேசுனீங்கன்னு மறுக்காச் சொல்லுங்க.

— “இந்த வெள்ளைச் சீலை இன்னையோட போவட்டும் கண்ணு. நீ எனக்கு மருமக இல்ல, மக. இந்தா, பச்சையக் கட்டிக்க.” ஒரே டேக்கு! மாமனாரா நடிக்க வேண்டிய ஆளு வரலைன்னதும், என்ற மீசையப் பாத்துத்தான டைரக்டரு புடிச்சாரு.

— அப்பறம் மருமகளா நடிச்ச அந்தப்புள்ள வரப்புல நடந்து போகுதுங்களாமே?

— கிளிப்பச்சை! அதுவரைக்கும் படம் பூரா வெள்ளையும் சாம்பலுந்தான். பொறத்தால இருந்து காட்டறான் பாரு, அப்பத்தான் அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. ஊரு மாறிப்போச்சுன்னு அந்தக் கலர வெச்சே சொல்றாராம் டைரக்டரு.

— எனக்கும் ஒருக்காப் பாக்கோணுமுங்க.

— நீயா? என்ற பையன் போயி இன்னும் மூணு வருசம் முடியலை. வெள்ளையக் கட்டிட்டு தியேட்டர்ல போயி உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?

— சரிங்க மாமா. வெசாழக்கெழமை வர்ஷினிக்குக் காது குத்தறமுங்க. அம்மா முன்னால நிக்கோணும்னு புள்ள அழுவுது.

— அதுக்கு?

— அன்னைக்கு ஒரு நாளாச்சும் கலரு கட்டிக்கட்டுங்களா? அந்தப் பச்சைச் சீலைய சினிமாக்காரங்க மறந்துபோட்டுப் போய்ட்டாங்க. என்ற பொட்டிலதான் கெடக்குது.

— என்ன பேச்சு பேசற? அது சினிமா, இது குடும்பம். காரியத்தன்னைக்கு உங்கண்ணன் கொண்டாந்து போட்ட வெள்ளைய நான் மாத்தச் சொல்றதா? பங்காளிக காறித் துப்புவானுக. நீ பொறத்தால நின்னு பாத்துக்க, போதும்.

— நீங்களும் எந்திரிச்சுக் கையத் தட்டுனேன்னீங்களே மாமா.

— அந்த நடைக்குத் தட்டுனேன். மகாலட்சுமியாட்ட, என்ன லட்சணம்! எடுத்து முடிச்சதும் அந்தப்புள்ளைய நாந்தான என்ற கார்ல பீளமேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஏரோப்ளேன் ஏத்திப்போட்டு வந்தேன்.

— எத்தனை மணிக்குப் பொறப்பட்டீங்க?

— மத்தியானம் ரெண்டு இருக்கும். ஏன்?

— வரப்புல நடக்கறத எடுத்தது அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குங்க. வெயில் சாயட்டும்னு காத்துட்டு இருந்தாங்க.

— அஞ்சுக்கு அந்தப்புள்ள மெட்ராஸ்லயல்ல இருந்திருக்கும்? அப்ப நடந்தது ஆரு?

— சினிமாக்காரங்க துணிமணி பாத்துட்டிருந்த மெஹராஜக்கா வந்து, “அவங்க அளவுதான் உனக்கும், முதுகுதான் தெரியும், கொஞ்சம் நடந்து குடும்மா”ன்னு கையப் புடிச்சாங்க. அத்தனை நாளு கழிச்சு கலரு கட்டுனனுங்க மாமா. கொசுவத்த மூணு வாட்டி அவுத்து அவுத்து வெச்சனுங்க.

— சத்தமாப் பேசாத. இது ஆருக்காச்சும் தெரியுமா?

— ஊரே எந்திரிச்சு நின்னு கையத் தட்டுச்சுங்களே மாமா, மூஞ்சி தெரியாததுனால.