ஜன்னலைத் திறந்தால் கடைத்தெரு

திருமுல்கேரியில் பேகம்பேட் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒரு வயதான தம்பதி. கப்பல் பயணத்துக்கு ரூம் பதிவு செய்யப் போகிறார்கள்.

“கப்பல்ல போறோம், ஜன்னலைத் திறந்தா கடைத்தெரு தெரியுமாம்” என்றார் அந்த அம்மா. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“உள்பக்க ரூம்னா அப்படித்தான்” என்றார் கணவர். “பெரிய கப்பல், ஆடவே ஆடாது. கடைத்தெரு, தியேட்டர், பார்க், நீச்சல் குளம் எல்லாம் உள்ளயே இருக்கு.”

“அதாங்க பயமா இருக்கு. சின்னக் கப்பலே போதும். இது இருபது மாடி.”

“இருந்தா என்ன? சுத்தியும் தண்ணி. நான் எங்க போயிடுவேன்?”

“போன மாசம் கொண்டாப்பூர் மால்ல உங்களை ஒரு மணி நேரம் தேடினேன். அது நாலே மாடி. கடைசில வாட்ச்மேன்கிட்ட நம்ம வீட்டுக்கு வழி கேட்டுட்டு நின்னீங்க.”

அவர் கப்பல் விளம்பரத் தாளைப் புரட்டினார்.

“கையில பட்டை கட்டுவாங்களாம். ரூம் நம்பர் அதுல இருக்குமாம்.”

“பட்டை கட்டியிருக்குங்கறது ஞாபகம் வரணுமே.”

“ஹவ், அதுவும் சரிதான்” என்றார் கணவர் மெதுவாக. பேகம்பேட்டில் எழுந்தபோது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடல் பக்கம் ரூம் கேளு. பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். எழுந்து எங்கயும் போக மாட்டேன்.”